ப்ளூகிராஸும் கிளாகிங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினாவில் குடியிருக்கிறேன். கோடை வந்தால் வார இறுதிகளில் வண்டி தானாக அப்பலாச்சிய மலைப்பக்கம் திரும்பிவிடும். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், இங்கேயே இருக்கிற தமிழ் நண்பர்கள், பிள்ளைகளை எதில் சேர்க்கலாம் என்று விசாரிக்கிற பெற்றோர்கள் எல்லோரும் அந்த மலைகளின் ப்ளூகிராஸ் இசையையும், கிளாகிங் என்ற கால்தட்டு ஆட்டத்தையும் பற்றிக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சுலபமானவை முதலில்.

ப்ளூகிராஸ்னா என்னங்க? கண்ட்ரி மியூசிக்தானே?

கண்ட்ரி குடும்பத்துப் பிள்ளைதான், ஆனால் தனிக்குடித்தனம் போய் 75 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மேடையில் தோல் போர்த்திய வட்ட முகமும் நீண்ட கழுத்தும் கொண்ட பேஞ்சோ, மாண்டலின், ஃபிடில், கிட்டார், ஆள் உயர டபுள் பேஸ் என்று ஐந்து கருவிகள் இருக்கும். சில குழுக்களில், மல்லாக்கப் பிடித்து உலோகத் துண்டால் இழைத்து வாசிக்கிற டோப்ரோவும் சேரும். வழக்கமான அமைப்பில் டிரம்ஸ் இல்லை, எலக்ட்ரிக் கிட்டார் இல்லை. பாட்டு உச்ச ஸ்தாயியில் போகும். இரண்டு மூன்று குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். ஒரு கருவி முன்னால் வந்து தன் திறமையைக் காட்டும்போது மற்றவை அடக்கி வாசிக்கும், பிறகு அடுத்தவர் முறை.

நாட்டுப்புறம் என்று சொன்னாலும் இதன் பிறப்பை வருஷத்தோடு சொல்லிவிடலாம். கென்டக்கி மாநிலத்தில் ரோஸீன் என்ற சிற்றூரில் 1911-இல் பிறந்த மாண்டலின்காரர் பில் மன்றோ, தன் குழுவுக்கு மாநிலத்தின் செல்லப்பெயரை எடுத்து ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1939-இல் நாஷ்வில் நகரத்தின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். 1945 டிசம்பரில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற 21 வயதுப் பையன் பேஞ்சோவோடு அந்தக் குழுவுக்குள் நுழைந்தான். கிட்டாரில் லெஸ்டர் ஃப்ளாட், ஃபிடிலில் சப்பி வைஸ், பேஸில் ஹவர்ட் வாட்ஸ். இந்த ஐவரும் 1946, 47-இல் பதிவு செய்த பாடல்கள்தான் இன்றைக்கும் இலக்கணம். குழுவின் பெயரே பிறகு இசைக்கும் பெயராகிவிட்டது.

கிளாகிங் டாப் டான்ஸ் மாதிரியா?

உறவுதான், ஆனால் நடை வேறு. டாப் டான்ஸ் ஜாஸ் பக்கம் போனது. பாதத்தின் முன்பகுதியில் நின்று, மேலெழும்பி ஆடுவது. கிளாகிங்கில் உடம்பின் பாரம் கீழே இறங்கும். தாளம் விழுகிற இடத்தில் குதிகால் தரையில் விழும். இடுப்புக்கு மேலே பெரிய அசைவு இருக்காது, கைகள் சும்மா தொங்கும். முழங்கால் மட்டும் சற்று தளர்ந்து, வண்டிக்கு ஸ்பிரிங் போல வேலை செய்யும்.

அடிப்படை அடி ஒன்றுதான். விரல் நுனியால் தரையை முன்னும் பின்னும் உரசி, அதே காலை ஊன்றி, மற்றக் காலைப் பின்னால் வைத்து ஒரு கணம் பாரம் மாற்றி, மறுபடி முதல் காலில் ஊன்றுவது. ‘டபுள் டோ, ஸ்டெப், ராக், ஸ்டெப்’ என்று வகுப்பில் கத்துவார்கள். அடுத்தது மற்றக் காலில். இது மட்டும் வந்துவிட்டால் ஒரு முழுப் பாட்டுக்கு நின்று ஆடலாம்.

கிளாக்னா மரக்கட்டை செருப்புதானே? இவங்க அதைப் போடலியே?

இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் மர அடிப்பாகம் வைத்த காலணியில் ஆடினார்கள், அது வேறு மரபு. அப்பலாச்சிய மலைக்காரர்கள் தோல் காலணியில் ஆடுகிறார்கள். பழைய ஆட்டக்காரர்களுக்குத் தோல் அடிப்பாகமே போதும். குழுக்களில் ஆடுகிறவர்கள் முன்னும் பின்னும் உலோகத் தகடு பொருத்திக்கொள்வார்கள். அதில் ‘ஜிங்கிள் டாப்’ என்று ஒன்று, இரட்டைத் தகடு. ஒன்று இறுக்கமாக, ஒன்று தளர்வாக இருப்பதால் சலங்கை போல ஒரு சிணுங்கலும் சேர்ந்து கேட்கும்.

பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1939 ஜூனில் வட கரோலினாவின் சோக்கோ கேப் குழு, சாம் குவீன் தலைமையில், வெள்ளை மாளிகையில் இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் ஆடியது. அது நிஜம். ‘எங்கள் ஊர் கிளாகிங் மாதிரி இருக்கிறதே’ என்று ராணி சொன்னாராம், அதிலிருந்துதான் பெயர் வந்ததாம். இந்தப் பாதி கதையாகவே இருக்கட்டும்.

ஃப்ளாட்ஃபுட்டிங், பக் டான்ஸ், கிளாகிங்னு மூணு பேர் சொல்றாங்க. மூணும் ஒண்ணா?

ஒரு ஊரில் ஒன்று என்பார்கள், மலை தாண்டினால் இல்லை என்பார்கள். பொதுவாகச் சொன்னால், ஃப்ளாட்ஃபுட்டிங் என்பது தனியாள் ஆட்டம். பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாது, முன்கூட்டி அமைத்த அடிவரிசை கிடையாது, காதில் விழுவதைக் கால் பேசும். பக் டான்ஸில் விரல் நுனியும் குதிகாலும் அதிகம் வேலை செய்யும். கறுப்பினக் கலைஞர்கள் பெரிதும் வளர்த்த ஆட்டம் அது. டர்ஹம் நகரத்து ப்ளூஸ் கலைஞர் ஜான் டீ ஹோல்மன் இதற்கும் பெயர் போனவர். 1988-இல் தேசிய மரபுக் கலைஞர் கௌரவம் பெற்றார். டென்னசியின் தாமஸ் மாப்பின் 2017-இல் அதே கௌரவத்தைப் பெற்ற பக் டான்ஸர்.

கிளாகிங் என்றால் இன்று பெரும்பாலும் குழு ஆட்டம். வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபர்டு 1928-இல் தொடங்கிய மலை ஆட்ட, நாட்டுப்பாட்டு விழாவில், ஊர் ஊராகக் குழுக்கள் போட்டிக்கு வந்தன. ஜோடி ஜோடியாக வட்டம் போடுகிற ‘ஸ்கொயர் டான்ஸ்’ ஆட்டமும் கால்தட்டலும் அங்கே கலந்தன. முதலில் வட்டம் ஒன்றாகச் சுற்றும், கால் மட்டும் அவரவர் இஷ்டம். பிற்பாடுதான் எல்லாக் காலும் ஒரே அடியில் விழுகிற ‘பிரிசிஷன்’ பாணி வந்தது. சீருடை, மினுக்கும் பாவாடை எல்லாம் அதோடு வந்தவை. பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். என் மனசு என்னவோ அந்த அவரவர் இஷ்டத்திடம்தான்.

டிரம்ஸே இல்லையே, தாளம் எப்படி நிக்குது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் சரியான இடத்தில் காது வைத்திருக்கிறார் என்று அர்த்தம். நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் ‘தும்’ என்று விழும். இரண்டிலும் நான்கிலும் மாண்டலின், தந்தியை மீட்டியதும் இடது கை விரலைத் தளர்த்தி நாதத்தை அங்கேயே வெட்டும், ‘சக்’ என்று. இதற்குச் ‘சாப்’ என்று பெயர். இந்த தும்-சக் நடுவில் கிட்டார் இட்டு நிரப்பும். தாளத்தைத் தனியாக ஒருவரிடம் ஒப்படைக்காமல் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்வதால்தான் இந்த இசை இறுக்கமாக இருந்தும் கனக்காமல் ஓடுகிறது.

டிரம்ஸ் இல்லாத அந்தக் காலி இடத்தில்தான் ஆடுகிறவர் நுழைகிறார். பலகைமேல் விழுகிற கால் வெறும் ஆட்டம் இல்லை, குழுவில் அவர் ஒரு வாத்தியக்காரர். நல்ல கிளாகர் ஆடும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஃபிடில் ஒரு வரியை இழுக்கும்போது கால் பொடிப்பொடியாக நிரப்பும், ஃபிடில் ஓடும்போது கால் எண்ணிக்கையை மட்டும் தட்டிவிட்டு வழிவிடும். இது புரிந்த அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கலை பிடிபட்டது. அதற்கு முன்னால் ஆட்டத்தை ஆட்டமாகவும் பாட்டைப் பாட்டாகவும் தனித்தனியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேஞ்சோக்காரர் கை எப்படி அவ்வளவு வேகமா போகுது? எத்தனை விரல்?

மூன்றுதான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றிலும் நக உறை மாட்டியிருக்கும். இந்த மூன்று விரலும் மாறி மாறித் தந்திகளை உருட்டுவதை ‘ரோல்’ என்பார்கள். ஸ்க்ரக்ஸ் பிறந்த வட கரோலினாப் பகுதியில் மூன்று விரல் வாசிப்பு ஏற்கெனவே இருந்தது. அதைச் சீராக்கி, வேகமாக்கி, நாடு முழுக்கக் கேட்கவைத்தவர் அவர்.

தாளம் தெரிந்தவர்களுக்கு ஒரு ரகசியம். எட்டு ஸ்வரம் கொண்ட ஒரு வட்டத்தில் முன்னோக்கிப் போகிற ரோல் 3, 3, 2 என்று பிரியும். ‘தகிட தகிட தக’ என்று சொல்லிக்கொண்டே கேளுங்கள். பேஸ் நேராக எண்ணிக்கொண்டிருக்க, பேஞ்சோ குறுக்கே வெட்டிக்கொண்டு போவது தெரியும். உட்கார்ந்திருக்கிற நமக்கே கால் ஆடத் தொடங்குவது இந்த இழுபறியால்தான். போதாததற்கு, ஐந்தாவது தந்தி குட்டையானது. அது பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தை மேலே மினுக்கிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் நம் சுருதி மாதிரி.

ஃபிடில் வேற, வயலின் வேறயா?

ஒரே கருவி. நம் ஊர் வித்வான்கள் அதைக் கணுக்காலில் ஊன்றி உட்கார்ந்து வாசிக்கிறார்கள். இவர்கள் தோளிலோ மார்பிலோ வைத்து, நின்று வாசிக்கிறார்கள். இரண்டு தந்தியை ஒரே வில்லில் இழுப்பது இங்கே அன்றாடச் சங்கதி.

மாண்டலினைப் பார்த்தா நம்ம ஸ்ரீநிவாஸ் ஞாபகம் வருது. அதே வாத்தியம்தானே?

பெயர் ஒன்று, உடம்பு வேறு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது எலக்ட்ரிக் வகை, ஒற்றைத் தந்திகள். மின்சாரத்தின் தயவில் நாதம் நீண்டு நிற்பதால் கமகம் பிடிக்க முடிந்தது. இங்கே இருப்பது குடைந்த மரத்தில் எட்டுத் தந்தி, நான்கு ஜோடிகள். நாதம் சட்டென்று அணைந்துவிடும். நீட்ட வேண்டுமானால் தடதடவென்று விடாமல் மீட்டத்தான் வேண்டும். அந்தக் குறையையே ஆயுதமாக்கியதுதான் மேலே சொன்ன ‘சாப்’.

பில் மன்றோவிடம் இருந்தது 1923-இல் செய்த கிப்ஸன் எஃப்-5 மாண்டலின். 1985-இல் அவர் வீட்டுக்குள் யாரோ புகுந்து அதை அடித்து நொறுக்கிவிட்டார்கள். கிப்ஸன் நிறுவனத்து வேலைக்காரர்கள் சில்லு சில்லாகப் பொறுக்கி ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். மனிதர் அதையே தொடர்ந்து வாசித்தார்.

ஏன் எல்லாரும் ஒரே மைக் முன்னாடி இடிச்சுக்கிட்டு நிக்கறாங்க? இன்னொண்ணு வாங்கக் கூடாதா?

வாங்கலாம், நிறையக் குழுக்கள் வாங்கிவிட்டன. ஒற்றை மைக் வானொலிக் காலத்துப் பழக்கம். தன் முறை வந்தவர் மைக்கை நெருங்குவார், முடிந்ததும் விலகுவார். யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ஒலிக்காரர் தீர்மானிப்பதில்லை, அவர்களே நடந்து நடந்து தீர்மானிக்கிறார்கள். ஃபிடில்காரரின் வில் கிட்டார்காரர் கண்ணில் குத்தாமல் ஐந்து பேர் நெய்துகொண்டு போவது தனி நடனம்.

பாட்டோட அர்த்தம் கேட்டா சாவு, கொலை, அம்மா கல்லறைன்னு இருக்கு. மெட்டு மட்டும் ஏன் இவ்வளவு குஷியா இருக்கு?

ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்க் காதலியைக் கொன்றவன் கதைகள் சில, பிரிட்டனிலிருந்து வந்து குடியேறியவர்களோடு கப்பலில் வந்தவை. மற்ற சோகம் உள்ளூர்ச் சரக்கு. நிலக்கரிச் சுரங்கம், ரயில் விபத்து, பிறகு பிழைப்புக்காக மலையை விட்டு ஓஹையோ, டெட்ராய்ட் ஆலைகளுக்குப் போனது. 1940, 50-களில் ப்ளூகிராஸைத் தேடித் தேடிக் கேட்டவர்களில் கணிசமானவர்கள் அப்படி ஊரை விட்டுப் போனவர்கள். பாட்டில் வருகிற மலைவீடு அவர்கள் திரும்பிப் போக முடியாத வீடு. தெய்வப் பாடல்களும் நிறைய உண்டு.

குஷி எங்கிருந்து வருகிறது என்றால், என் கணக்கில், வார்த்தையிலிருந்து வருவதில்லை. நான்கைந்து பேர் ஒருவர் மூச்சை ஒருவர் கவனித்து அவ்வளவு வேகத்தில் ஒன்றாகப் போவதே ஒரு சந்தோஷம். பாட்டு அழுதுகொண்டிருக்கும், ஆட்டப்பலகையில் எழுபது வயதுப் பாட்டி சிரித்துக்கொண்டே குதிகால் தட்டுவார். இரண்டும் பொய் இல்லை.

என் பொண்ணு ஆறு வருஷம் பரதநாட்டியம் கத்துக்கிட்டா. இது சுலபமா வருமா?

பாதி சுலபம், பாதி கஷ்டம். எண்ணிக்கை தவறாது, தரையைத் தட்டப் பயம் இருக்காது, விரலில் நின்று குதிகாலை இறக்குவது குதித்துமெட்டு அடவிலேயே பழக்கம். ஆனால் அரைமண்டி கூடாது. நிமிர்ந்து நிற்க வேண்டும், முழங்கால் பக்கவாட்டில் திரும்பாமல் நேராக இருக்க வேண்டும். தட்டடவில் முழுப் பாதத்தையும் ஓங்கி அறைந்து பழகியவர்களுக்கு இங்கே பாதத்தைத் தளர்த்தி உரசுவது வரவே வராது, கொஞ்ச நாள் ஆகும்.

உண்மையான சிரமம் கை. சும்மா விடுங்கள் என்றால் பதாக முத்திரை பிடித்துக்கொள்ளும். அடுத்த சிரமம், ‘உனக்குத் தோன்றியதை ஆடு’ என்று சொன்னால் திகைத்து நிற்பது. ஆசிரியர் காட்டாததை ஆடுவது தப்பு என்று வளர்ந்த பிள்ளைகள் இல்லையா. அந்தத் திகைப்பு விலகும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பேஞ்சோ ஆப்பிரிக்காவுல இருந்து வந்ததுங்கறாங்க. மேடையில எல்லாம் வெள்ளைக்காரங்களா இருக்காங்களே?

வந்தது ஆப்பிரிக்காவிலிருந்துதான். சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, நீண்ட கழி சொருகி, கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி வைத்த அக்கோன்டிங் போன்ற கருவிகள் மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்த நினைவில் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கக் காலனிகளிலும் செய்ததுதான் பேஞ்சோ. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்த மேடைகள் வழியாக அது வெள்ளையர் கைக்குப் போனது. பிறகு 1920-களில் இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்களுக்கு ஒரு வரிசை, மலைவாழ் வெள்ளையர்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்து விற்றன. ஃபிடிலும் பேஞ்சோவும் வாசித்த கறுப்புக் குழுக்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமல் போயின.

பில் மன்றோ சிறுவயதில் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கிட்டார், ஃபிடில் கலைஞரோடு ஊர் ஆட்டங்களில் வாசித்தவர். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். 2000-களில் கறுப்பினப் பாடகியும் பேஞ்சோ கலைஞருமான ரியானன் கிடன்ஸும் அவருடைய தோழர்களும் வட கரோலினாவின் முதிய கறுப்பின ஃபிடில் கலைஞர் ஜோ தாம்சன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டு, அந்த அறுந்த நூலை மேடையில் மறுபடி முடிச்சுப் போட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டின் சுவை குறையாது. யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது தெரியும்.

அப்ப கிளாகிங்கும் ப்ளூகிராஸும் காலங்காலமா சேர்ந்தே வந்ததா?

இல்லை. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். முதல் பதிலில் சொன்னபடி ப்ளூகிராஸ் 1940-களில் வானொலிக்கும் மேடைக்கும் பிறந்த இசை, உட்கார்ந்து கேட்க வைத்தது. கால்தட்டு ஆட்டம் அதற்கு வெகு முன்னாலிருந்தே இருக்கிறது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்து அடிகளும் ஆப்பிரிக்க அடிகளும் கலந்தது; செரோக்கி மக்களின் ஆட்டமும் சேர்ந்தது என்பார்கள். அதன் சொந்த இசை ‘ஓல்டு டைம்’. அதில் தனியாவர்த்தனம் கிடையாது. ஃபிடிலும் பேஞ்சோவும் ஒரே மெட்டைச் சேர்ந்து சுற்றிச் சுற்றி வாசிக்கும், ஆடுகிறவர் களைக்கும் வரை. பேஞ்சோவிலும் மூன்று விரல் ரோலுக்குப் பதில், நகத்தின் மேற்பக்கத்தால் கீழ்நோக்கி அடிக்கிற ‘கிளாஹேமர்’ முறை.

ப்ளூகிராஸ் வேகத்தில் பழைய ஃப்ளாட்ஃபுட்டர்கள் மூச்சு வாங்குவார்கள். போட்டிக் குழுக்கள் அந்த வேகத்தையே விரும்புகின்றன, கைதட்டல் அங்கேதான். இன்று இரண்டும் ஒரே விழாவில், பல சமயம் ஒரே மேடையில் இருப்பதால் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றுகிறது. புதிதாக ஆடுகிறவர்கள் ஓல்டு டைமில் தொடங்குங்கள். கால் பேசுவதற்கு அங்கே இடம் இருக்கிறது.

எங்க போய் பார்க்கலாம்? நாங்க போனா ஒரு மாதிரி பார்ப்பாங்களா?

வர்ஜீனியாவின் ஃபிளாய்டு என்ற சிற்றூரில் ஒரு பழைய மளிகைக்கடை இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் முதலில் பக்திப் பாடல், பிறகு மரத்தரையில் ஆட்டம். அதே மாநிலத்தில் ஹில்டன்ஸ் அருகே கார்ட்டர் ஃபேமிலி ஃபோல்டு என்ற இசை அரங்கு, சனிக்கிழமைகளில், மது கிடையாது, குழந்தைகளோடு போகலாம். ஆகஸ்டில் கேலக்ஸ் நகரில் 1935 முதல் நடக்கிற ஃபிடிலர்கள் மாநாட்டில் ஃப்ளாட்ஃபுட் போட்டியும் உண்டு. கோடைச் சனிக்கிழமைகளில் ஆஷ்வில்லில் புல்வெளியில் இலவசமாக ‘ஷின்டிக்’ என்ற ஆட்டம்பாட்டம் நடக்கும். கிளம்பும் முன் அந்த வாரம் உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பார்ப்பார்கள். புதுமுகம் என்பதால் பார்ப்பார்கள், பிறகு எந்த ஊர் என்று கேட்பார்கள், பிறகு அவர்கள் பேத்தி ஆடுவதைக் காட்டுவார்கள். எனக்குப் பெரும்பாலும் அப்படித்தான். சில விழாக்களின் கூடார மைதானத்தில் எனக்குப் பிடிக்காத, அடிமைமுறைக்காகப் போரிட்ட தென்மாநிலங்களின் பழைய கொடிகளையும் பார்த்திருக்கிறேன், அந்தப் பக்கம் உட்காரமாட்டேன். வாத்தியம் வாசிக்கிறவர்கள் வட்டத்துக்குள் நேராகப் போய் உட்காராதீர்கள். வெளியே நின்று கேளுங்கள், கூப்பிட்டால் உள்ளே போங்கள். யாராவது ஒரு காலைத் தூக்கினால் பாட்டு இந்தச் சுற்றோடு முடிகிறது என்று அர்த்தம். சைவக்காரர்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். அங்கே பீன்ஸ் என்றாலும் பன்றிக் கொழுப்பு போட்டே வேகவைப்பார்கள்.

ஆசையாத்தான் இருக்கு. ஆனா நாங்க அபார்ட்மென்ட்ல இரண்டாவது மாடி. கீழ் வீட்டுக்காரங்க போலீஸைக் கூப்பிட்டுடுவாங்களே?

தகடு வைத்த காலணியை வீட்டுக்குள் போடவே போடாதீர்கள். தரையும் போகும், முன்பணமும் போகும். முதல் சில மாதங்களுக்குத் தகடு தேவையும் இல்லை. வழுக்குகிற அடிப்பாகம் உள்ள பழைய தோல் ஷூ ஒன்று போதும். ரப்பர் ஷூ பிடித்து இழுக்கும், முழங்காலைத் திருகும், வேண்டாம். முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தாழ்வாக ஆடுகிற ஃப்ளாட்ஃபுட் பாணிதான் மூட்டுக்கு இதம்.

சத்தமாக ஆட ஆசை வந்தால், மரக்கடையில் இரண்டடிக்கு மூன்றடி பிளைவுட் வெட்டி வாங்கி, காரின் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். அடியில் பழைய பாய் ஒன்று. பூங்கா, வண்டி நிறுத்துமிடம், எங்கே வேண்டுமானாலும் விரிக்கலாம். விழாக்களுக்கு வருகிற பாதிப் பேர் இப்படித்தான் பலகையும் கையுமாக வருகிறார்கள், கேட்டால் அவர்கள் பலகையிலும் ஒரு பாட்டுக்கு இடம் கொடுப்பார்கள்.